பிள்ளையின் சபலமும் பெற்றோரின் தண்டனையும்

கிருஷ்ண ஜெயந்தி நாட்களில் வெண்ணெய் திருடிய கண்ணனின் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கண்ணன் எடுத்தால் லீலை, நாங்கள் எடுத்தால் மட்டும் களவா?" என்பதே அக்கேள்வி. பெரியவர்களாகிய நாம் சிரித்துவிட்டு, "அவர் கடவுள், நீ சின்னப் பிள்ளை" என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விடுகின்றோம். ஆனால் அக்கேள்வி சிரித்துத் தள்ளிவிடக் கூடியதன்று. ஆசைப்பட்டு ஒரு பொருளை எடுத்துவிட்ட பிள்ளைக்கு அதன்பின் என்ன நேரவேண்டும்? செய்ததன் பலனை அப்பிள்ளை எவ்வளவு அனுபவிக்க வேண்டும்? அந்த அளவை யார் தீர்மானிப்பது? இவற்றை இங்கே சற்று நிதானமாகச் சிந்திக்க விரும்புகின்றோம்.

சபலம் என்பது பெரிய சொல்லாகத் தோன்றினாலும் எமது வீடுகளுக்குள் அது சிறிய உருவத்திலேயே வருகிறது. கடையில் சட்டைப் பைக்குள் போன ஒரு சொக்லேற். அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்த சில்லறை. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதிய விடை. அப்பாவின் கடன் அட்டையில் கணினி விளையாட்டுக்காகக் கேளாமல் செலவிட்ட தொகை. பூசை முடியுமுன் படையலிலிருந்து எடுத்த ஒரு மோதகம். இவற்றில் எதுவும் உலகத்தைப் புரட்டிவிடும் குற்றமன்று. எனினும் இவற்றில் ஒன்று வெளிப்படும் நாளில் சில வீடுகளில் பெரும் புயல் வீசுகிறது. வேறு சில வீடுகளில் ஒன்றுமே நடவாதது போல மூடி மறைக்கப்படுகிறது. புயலும் மறைப்பும் எதிரெதிரானவையாகத் தோன்றினும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பது எமது கருத்து. பிள்ளையின் மனதைப் பற்றிய கவலையை விட எமது மானத்தைப் பற்றிய கவலை மேலோங்கி நிற்பதே அந்த வேர்.

முதலில், சபலத்தை வெல்வது எத்தகைய ஆற்றல் என்று பார்ப்போம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் பாலர் பாடசாலையில் வோல்ரர் மிஷெல் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை ஆரம்பித்தார். நாலைந்து வயதுப் பிள்ளையின் முன் ஒரு தின்பண்டம் வைக்கப்படும். சோதனை செய்பவர் வெளியே போய்த் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் அதிகம் கிடைக்கும். பொறுக்க முடியாவிட்டால் மணியை அடிக்கலாம், ஆனால் குறைவாகவே கிடைக்கும். இதில் மார்ஷ்மெலோ என்ற மென்மையான இனிப்பும் பயன்பட்டதால் உலகம் அதை மார்ஷ்மெலோச் சோதனை என்றே அழைக்கிறது. அதிக நேரம் பொறுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் நன்றாகச் செய்தனர் என்று 1990இல் மிஷெலும் அவரது சகாக்களும் வெளியிட்டபோது, பெற்றோர் பலர் அதை ஒரு சாதகக் குறிப்புப் போலவே எடுத்துக்கொண்டனர். நாலு வயதில் பொறுக்காத பிள்ளை நாற்பது வயதிலும் உருப்படாது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

அம்முடிவு அவசரமானது. 2018இல் வேறு ஆய்வாளர்கள் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தபோது, அத்தொடர்பு முன்னர் சொல்லப்பட்டதில் ஏறத்தாழ அரைவாசியாகவே இருந்தது. குடும்பச் சூழ்நிலையையும் பிள்ளையின் ஆரம்ப அறிவாற்றலையும் கணக்கில் எடுத்தபோது அதுவும் மேலும் பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு பிள்ளை ஒரு நாள் சபலத்துக்கு ஆட்பட்டது என்பது அதன் தலையெழுத்து அன்று என்பதே இதன் பொருள். மிஷெல் கவனித்த இன்னொரு விடயமும் எமக்குப் பயன்படும். பண்டம் கண்ணுக்குத் தெரியாமல் மூடியிருந்தபோது பிள்ளைகள் அதிக நேரம் பொறுத்தனர். கண்ணைப் பொத்திக்கொண்டும், தமக்குள் பாடிக்கொண்டும், வேறு எதையாவது நினைத்துக்கொண்டும் இருந்தவர்கள் வென்றனர். ஆகவே மன அடக்கம் என்பது பிறவியில் வந்த புண்ணியம் மட்டுமன்று. பழகிக்கொள்ளக் கூடிய ஒரு கைவேலையும் ஆகும். மேசையில் காசைப் பரப்பி வைத்துவிட்டுப் பிள்ளையின் நேர்மையைச் சோதித்துப் பார்ப்பவர் அந்தக் கைவேலையைக் கற்பிக்கவில்லை, பொறி வைக்கின்றார்.

இதைவிடவும் எம்மைச் சிந்திக்க வைப்பது 2013இல் வெளியான றொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வு. அதில் 28 பிள்ளைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். படம் வரைய இதைவிட நல்ல பொருட்களைக் கொண்டு வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். ஒரு பிரிவினருக்குச் சொன்னபடி கொண்டு வந்து கொடுத்தார். மற்றப் பிரிவினருக்கு, மன்னிக்கவும், இருக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பினார். அதன் பின்னரே மார்ஷ்மெலோ வைக்கப்பட்டது. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடங்கள் வரை பொறுத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ சுமார் 3 நிமிடங்களே பொறுத்தனர். பெரியவர்களின் சொல்லை நம்ப முடியாத இடத்தில் கையில் இருப்பதை உடனே வாயில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அச்சிறுவர்கள் கண்டுகொண்டனர். இரண்டு வேலை செய்து, இரவு வேலைக்கும் போய்வரும் எமது குடும்பங்களில் "அடுத்த சனிக்கிழமை கட்டாயம்" என்ற வாக்கு எத்தனை தடவை தள்ளிப் போகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் சபலத்தில் பெரியவர்களின் பங்கு ஒரு சிறிதேனும் கலந்திருக்கக் கூடும். தண்டனையைத் தொடங்குமுன் நினைவில் வைக்க வேண்டிய முதலாவது விடயம் இது.

இனி, சபலத்தில் விழுந்த பின்னர் வரும் தண்டனையைப் பார்ப்போம். இதுபற்றி எமது இதிகாசத்தில் ஆழமான ஒரு கதை உண்டு. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் ஆணி மாண்டவ்யரின் கதை அது. மௌன விரதம் பூண்டு தவத்தில் நின்ற மாண்டவ்ய முனிவரின் ஆச்சிரமத்துக்குள் கள்வர்கள் புகுந்து, களவாடிய பொருளோடு ஒளிந்துகொண்டனர். துரத்தி வந்த காவலர் கேட்டதற்கு முனிவர் விடை சொல்லவில்லை. பொருளும் கள்வரும் அங்கே அகப்படவே, முனிவரையும் கள்வரோடு சேர்த்துக் கழுவில் ஏற்றினான் அரசன். தவ வலிமையால் அவர் உயிர் பிரியவில்லை. பின்னர் உண்மை அறிந்த அரசன் வந்து மன்னிப்புக் கேட்டான். கழுமரத்தை முழுவதும் உருவி எடுக்க முடியாமல் அறுத்தபோது அதன் ஒரு துண்டு அவர் உடலிலேயே தங்கிவிட்டது. அதனால் வந்ததே ஆணி மாண்டவ்யர் என்ற பெயர்.

அந்த முனிவர் நேராகத் தருமதேவனிடம் சென்று, இத்தனை பெரிய துன்பத்துக்கு நான் செய்த பாவம் என்ன என்று வினவினார். சிறு வயதில் நீர் பூச்சிகளைப் புல்லால் குத்தி விளையாடினீர், அதன் பலனே இது என்றான் தருமதேவன். மாண்டவ்யர் அதனை ஏற்கவில்லை. சிறிய பிழைக்குப் பெரிய தண்டனை விதித்த நீ மனிதனாகப் பிறக்கக் கடவாய் என்று சபித்தார். அத்துடன், 14 வயது வரை செய்யும் செயல் பாவமாகக் கொள்ளப்படாது என்று புதிய எல்லையையும் வகுத்தார். அவ்வாறு பிறந்த தருமதேவனே விதுரன்.

இக்கதையின் துணிவை எண்ணிப் பாருங்கள். பிள்ளை பூச்சியைக் குத்தியது சரி என்று மாண்டவ்யர் வாதாடவில்லை. வினைக்குப் பலன் உண்டு என்பதையும் அவர் மறுக்கவில்லை. அளவு தவறியது என்பதுதான் அவரது வழக்கு. அறியாப் பருவத்தில் செய்த ஒன்றுக்கு, அது மறந்தே போன காலத்தில், அதனோடு எந்தத் தொடர்பும் தெரியாத ஒரு தண்டனை வந்து விழுந்தது. எதற்காக என்று தண்டனை அனுபவித்தவருக்கே விளங்கவில்லை. நீதியின் தேவனே அளவு தவறினால் அவனும் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்கிறது இதிகாசம். அவ்வாறாயின் கோபத்தில் கையை ஓங்கும் பெற்றோர் எம்மாத்திரம்?

இன்றைய சட்டங்களும் இதே கேள்வியோடுதான் போராடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை மீது குற்றம் சாட்ட முடியாது. கனடாவில் அவ்வெல்லை 12. இந்தியாவில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது. 7 முதல் 12 வரை அப்பிள்ளையின் முதிர்ச்சி கவனிக்கப்படும். இலங்கையில் 8 ஆக இருந்த எல்லை 2018இல் 12 ஆக உயர்த்தப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் சிறுவர் உரிமைக் குழு 2019இல், குறைந்தது 14 வயதையாவது எல்லையாகக் கொள்ளும்படி நாடுகளை ஊக்குவித்தது. எண்கள் வேறுபட்டாலும் பிள்ளையைப் பெரியவருக்குரிய தராசில் நிறுக்கலாகாது என்பதில் கருத்து ஒன்றே.

இவ்விடத்தில் சிலர் குறுக்கிடலாம். "அடியாத மாடு படியாது என்று தானே எமது முன்னோர் சொன்னார்கள்? இந்த நாடுகளில் பிள்ளைகள் கெட்டுப் போவதற்கே கண்டிப்பு இல்லாததுதான் காரணம்" என்பார்கள். அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் பிள்ளை மாடன்று. அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது பெரும்பாலும் களவைப் பற்றியதன்று. அகப்படாமல் இருப்பதைப் பற்றியதே. மேலும் 1979இல் சுவீடனும், 2000இல் ஜேர்மனியும், 2020இல் ஸ்கொட்லாந்தும் வீட்டில் பிள்ளைகளை அடிப்பதையும் சட்டத்தால் தடுத்துவிட்டன. அந்நாடுகளில் வாழ்பவருக்கு இது தெரிவின் விடயமன்று.

மூடி மறைப்பதும் அடிப்பதற்குச் சளைத்த தவறன்று. தகப்பன் போய்ப் பணத்தைக் கட்டிவிடுகிறார். தாய், "ஒருவருக்கும் சொல்லாதே" என்கிறார். காரியம் முடிந்தது. ஆனால் பிள்ளையின் கை செய்ததைப் பிள்ளையின் கை திருத்தவில்லை. "ஆட்கள் என்ன சொல்வார்கள்" என்ற ஒரே வசனத்திலிருந்து பிள்ளை என்ன விளங்கிக்கொள்கிறது? எடுத்தது குற்றமன்று, வெளியே தெரிந்ததுதான் குற்றம் என்றே விளங்கிக்கொள்கிறது. அடிக்கும் வீட்டிலும் மறைக்கும் வீட்டிலும் பிள்ளை கடைசியில் படிக்கும் பாடம் ஒன்றாகவே இருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனிக் கண்ணனின் கதைக்கு வருவோம். பாகவதத்தின் பத்தாவது கந்தத்தில் அது வருகிறது. அடுப்பில் பால் பொங்கவே, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை இடையில் இறக்கிவிட்டு யசோதை ஓடுகிறாள். கோபம் கொண்ட குழந்தை தயிர்ப் பானையை உடைத்துவிட்டு, உள்ளே போய் வெண்ணெயை எடுத்து உண்கிறது, குரங்குக்கும் கொடுக்கிறது. யசோதை கோலோடு வருகிறாள். குழந்தை ஓடுகிறது; அகப்படுகிறது; அழுகிறது. அந்தக் கண்களில் பயத்தைக் கண்டதும் தாய் கோலை எறிந்துவிடுகிறாள். எறிந்துவிட்டுச் சும்மா இருந்தாளா? இல்லை. உரலோடு கட்டிவைக்கிறாள். அதற்கும் கயிறு இரண்டு விரற்கடை போதாமல் போய்க்கொண்டே இருக்கிறது. தாயின் களைப்பைக் கண்டு இரங்கிக் குழந்தையே கட்டுப்பட்ட பின்னர்தான் முடிச்சு விழுகிறது.

கடவுளின் லீலைக்கு அடியார்கள் காணும் உட்பொருள் வேறு. நாம் இங்கே நோக்குவது அத்தாயின் நடத்தையை. கோல் போயிற்று, கட்டு இருந்தது. அச்சுறுத்தல் நின்றது, பலன் நிற்கவில்லை. அப்பலனும் வீட்டுக்குள்ளே, தாயின் கண்ணெதிரே, பிள்ளை தாங்கக்கூடிய அளவில் இருந்தது. பானை உடைந்ததற்கு முன் நடந்தது என்ன என்பதையும் கதை மறைக்காமல் சொல்கிறது. ஆகவே கேள்வி கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுவே: கண்ணனுக்கும் கட்டு விழுந்தது, மகனே. கடவுளே பிள்ளையாக வந்தபோதும் தாயின் கட்டுக்கு உட்பட்டார்.

தண்டனை என்று எதுவுமே இல்லாமல் பலன் விளைந்த இன்னொரு வரலாறும் உண்டு. மகாத்மா காந்தி தமது சத்திய சோதனையில் அதை எழுதியுள்ளார். தமையனார் ஒருவர் பட்ட 25 ரூபாய் அளவிலான கடனைத் தீர்ப்பதற்காக, அவரது பொற்காப்பிலிருந்தே ஒரு துண்டை 15 வயதில் அவர் களவாக எடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதி, தகுந்த தண்டனை தரும்படியும், இதற்காகத் தந்தை தம்மையே வருத்திக்கொள்ள வேண்டாமென்றும் கேட்டு, இனிக் களவு செய்வதில்லை என்று உறுதியும் கூறி, நோயுற்றிருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை எழுந்திருந்து வாசித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. பின்னர் அதைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடியும் இல்லை, ஏச்சும் இல்லை.

இதிலிருந்து பலனே வேண்டாம் என்று கொள்வது பிழை. உண்மையை எழுதிய இரவு, அதைக் கையில் ஏந்திச் சென்ற நடை, எதிரே அமர்ந்து தந்தை வாசிப்பதைப் பார்த்திருந்த நேரம் ஆகியவையே அவருக்குப் பலனாயின. அவை அவர் தாமே தேடிச் சென்று ஏற்றவை. கண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தந்தையின் கண்ணீர் தானாக வந்தது. "உன்னால்தான் எனக்கு நெஞ்சுவலி, உனக்காகத்தானே இந்தக் குளிர் நாட்டில் வந்து மாடாய் உழைக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளையின் முன் கண்ணீரை ஆயுதமாக எடுப்பது வேறு. அது கோலைவிட ஆழமாகக் குத்தும். ஒரு சொக்லேற்றுக்காகத் தாயின் நோயையும் தந்தையின் அகதி வாழ்வையும் பிள்ளையின் தோளில் ஏற்றுவது, மாண்டவ்யரைக் கழுவில் ஏற்றியதற்கு ஒப்பானது.

ஆகவே நடைமுறையில் என்ன செய்யலாம்? எட்டு வயதுப் பிள்ளையின் பையில் விலை கொடாத ஒரு சொக்லேற்றை வீட்டில் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். தம்பி தங்கைகள் முன்னிலையில் அன்று. உண்மையைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். பொய்க்கும் உண்மைக்கும் ஒரே தண்டனை கிடைக்கும் வீட்டில் பிள்ளை ஏன் உண்மை பேச வேண்டும்? பின்னர் பெற்றோரில் ஒருவர் கடை முகாமையாளருடன் முன்கூட்டியே கதைத்து வைத்துவிட்டுப் பிள்ளையோடு போகலாம். புதிய நாட்டில் பொலிசு, பதிவு என்ற அச்சம் எமக்கு இருப்பது இயல்பு. முன்கூட்டிக் கதைப்பது அதற்காகவே. பிள்ளை தன் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும். தான் சேர்த்து வைத்த காசிலிருந்து தன் கையால் விலையைக் கொடுக்கட்டும். எடுத்த கையே கொடுக்கும்போது செயலும் பலனும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். எதற்காக இது என்று பிள்ளை கேட்க வேண்டிய தேவையே இராது.

இது கடுமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். எட்டு வயதில் அந்தப் பாடத்தின் விலை ஒரு சொக்லேற்றும் ஐந்து நிமிட வெட்கமும். பதினாறு வயதில் அதே பாடத்தின் விலை பொலிசும் நீதிமன்றமும். இருபத்தைந்து வயதில் வேலையும் குடும்பமும். பலனே தெரியாமல் காப்பாற்றி வளர்க்கப்படும் பிள்ளைக்கு அப்பாடம் தள்ளிப் போகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை. தள்ளிப் போகுந்தோறும் வட்டி ஏறுகிறது. அவ்வட்டியைக் கட்டும் நாளில் பெற்றோர் பக்கத்தில் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான காரியம், முடிந்ததை முடிந்ததாக வைப்பது. விலை கொடுத்து மன்னிப்புக் கேட்ட பின்னர் அக்கணக்கு மூடப்பட வேண்டும். அடுத்த வருடம் வேறொரு சண்டையில் "நீ அன்றைக்குக் களவெடுத்தவன் தானே" என்று அதை மீண்டும் திறக்கக் கூடாது. மச்சாளுக்கும் மாமிக்கும் ரெலிபோனில் சொல்லவும் கூடாது. இதில் சமூகமாகிய எமக்கும் பங்கு உண்டு. அன்னதான மண்டபத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிக் காதோடு காதாகச் சொல்லப்படும் ஒரு செய்தி, அடுத்த கிழமையே அப்பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு வரவிடாமற் செய்துவிடும். விலை கொடுத்து முடித்த கடனை ஊரே திரும்பத் திரும்ப வசூலிப்பது எந்தத் தருமத்திலும் சேராது. அப்படியொரு செய்தி எம் காதுக்கு வருமானால் அதை அடுத்தவருக்குக் கடத்தாமல் அங்கேயே நிறுத்திவிடுவோம். அந்தப் பிள்ளை அடுத்த வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வரும்போது, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது போலவே அதற்கும் பிரசாதத் தட்டை நீட்டுவோம்.